பிளாக் சப்பாத்தின் அமைதியான பாடல்களைக் கேட்பது எப்படி

பிளாக் சப்பாத் என்ற ஹெவி மெட்டல் குழுவின் மெதுவான பாடல்களை மட்டும் பொறுக்கி அடுக்கிய பிளேலிஸ்ட்டுகள் நிறைய உண்டு. தயவுசெய்து அங்கிருந்து தொடங்காதீர்கள். ‘பிளானட் கேரவன்’, ‘சாலிட்யூட்’, ‘சேஞ்சஸ்’, ‘லகூனா சன்ரைஸ்’ என்று வரிசையாக ஓடவிட்டால் கால் மணி நேரத்தில் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். இந்தப் பாடல்களை அந்தக் குழுவின் நால்வரும் (பாடகர் ஓசி ஆஸ்பர்ன், கிட்டாரில் டோனி ஐயோமி, பாஸ் கிட்டாரில் கீசர் பட்லர், டிரம்ஸில் பில் வார்ட்) பலத்த பாடல்களுக்கு நடுவே வைத்தார்கள். முன்னால் என்ன ஒலித்தது, பின்னால் என்ன வரப்போகிறது என்பதும் சேர்ந்ததுதான் பாட்டு. அந்த இடத்திலிருந்து பிடுங்கி எடுத்தால் பாதி கையோடு வராது.

பதினைந்து பதினாறு வயதில் நான் மெட்டலுக்குள் வந்தது பாண்டெரா என்ற அமெரிக்கக் குழு வழியாக. அண்ணனிடம் ‘ஃபார் பியாண்ட் டிரைவன்’ கேசட் இருந்தது. 1994இல் வந்த ஆல்பம். முரட்டுத்தனத்தில் அதுவரை நான் கேட்ட எதையும் விடப் பெரியது. அதன் கடைசியில், அத்தனை கத்தலும் ஓய்ந்தபின், ஒரு பாட்டு மிதந்து வந்தது. “இது அவங்க பாட்டு இல்ல, சப்பாத் பாட்டு” என்றான் அண்ணன். அது ‘பிளானட் கேரவன்’. மூலத்தைத் தேடிப் போன நாளிலிருந்து இந்தக் குழுவின் அமைதியான பக்கத்தை விடாமல் கேட்டு வருகிறேன். கேட்கத் தயங்குகிறவர்களை உட்கார வைத்துக் கேட்கவும் வைத்திருக்கிறேன். எந்த வழியில் போனால் இந்தப் பாடல்கள் ஒருவருக்குள் இறங்குகின்றன என்று கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கருவியைச் சரிசெய்துகொள்ளுங்கள்

ஷஃபிள் வேண்டாம். கிராஸ்ஃபேட் என்று ஒரு வசதி செயலிகளில் இருக்கும். ஒரு பாட்டின் வாலை அடுத்த பாட்டின் தலையோடு கலந்துவிடும். அதையும் அணையுங்கள். ஏன் என்பது ‘சபோட்டாஜ்’ ஆல்பத்துக்கு வரும்போது தெரியும். மூன்றாவது, எல்லாப் பாடல்களையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும் ஏற்பாடு. விளம்பரப் பாட்டு கேட்பவர்களுக்கு அது வசதியாக இருக்கலாம். நமக்கு அது எதிரி. உரக்க ஒலித்த பாட்டுக்குப் பின் வரும் பாட்டு நிஜமாகவே தாழ்ந்து ஒலிக்க வேண்டும். நாம் காதைக் கொஞ்சம் முன்னால் நீட்ட வேண்டும்.

ஆகவே சத்தத்தை ஆல்பத்தின் முதல் பாட்டில் வைத்துவிட்டு அதன்பின் தொடாதீர்கள். ‘பாரனாய்டு’ ஆல்பம் என்றால் அதன் முதல் பாட்டான ‘வார் பிக்ஸ்’ உங்களுக்குச் சற்றே அதிகம் என்று தோன்றும் அளவு போதும்.

ஹெட்போன் இருந்தால் நல்லது. விலை உயர்ந்தது தேவையில்லை; இரண்டு காதிலும் ஒழுங்காக ஒலித்தால் சரி. நான் இன்னமும் கம்பி வைத்த சாதாரண ஹெட்போனில்தான் கேட்கிறேன். போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். கீசர் பட்லரின் பாஸ் கிட்டார் அதில் காணாமல் போய்விடும். மெதுவான பாடல்களில் பாதி வேலை அவருடையது.

இன்னொன்று. இந்த வகை இசையைச் சொன்னதும் போதைப்பொருள் பேச்சு வரும். சப்பாத்தின் வரலாற்றில் அது உண்டு, ‘ஸ்னோபிளைண்ட்’ கொக்கைனைப் பற்றிய பாட்டேதான். அவர்கள் உடம்பையும் உறவுகளையும் அது என்ன செய்தது என்பதும் ஊரறிந்தது. கேட்கிறவருக்கு அதில் எதுவும் தேவையில்லை. தூக்கக் கலக்கம் இல்லாத ஒரு மணி நேரம் இருந்தால் போதும்.

‘பிளானட் கேரவன்’: இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்

‘பாரனாய்டு’ ஆல்பம் 1970 செப்டம்பரில் வெளிவந்தது. இசைத்தட்டின் முதல் பக்கத்தில் நான்கே பாடல்கள்: ‘வார் பிக்ஸ்’, ‘பாரனாய்டு’, ‘பிளானட் கேரவன்’, ‘அயர்ன் மேன்’. மொத்தம் 21 நிமிடம் சொச்சம். இந்த 21 நிமிடத்தை ஒரே மூச்சில் கேளுங்கள். சப்பாத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதில் பெரும்பகுதி அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது.

வரிகளைக் கவனித்தால் வரிசை புரியும். முதல் பாட்டில் போரும் அதை ஏவிவிட்டு ஒதுங்கி நிற்கும் பெரிய மனிதர்களும். இரண்டாவதில் தன் மனமே தனக்குப் பகையான ஒருவன். மூன்றாவதில் காதலர்கள் பூமியை விட்டு மிதந்து கிளம்புகிறார்கள். நிலவொளி, விண்மீன்கள், கடைசியில் செவ்வாயின் சிவந்த கண். நான்காவதில் காலப் பயணம் போன ஒருவன் காந்தப் புலத்தில் சிக்கி இரும்பாகித் திரும்பி வருகிறான். மூன்றாவதில் கிளம்பிப் போகிறார்கள், நான்காவதில் ஒருவன் மாறிப்போய் வந்து சேர்கிறான். இதைக் கதையாக நினைத்து எழுதினார்களா என்பது முக்கியமில்லை. வரிகள் பெரும்பாலும் கீசர் பட்லரின் கைவேலை. அந்த நாட்களில் அவர் மனம் சுற்றிச் சுற்றி வந்த இடங்கள் இவை. பக்கத்தை முழுதாகக் கேட்கிறவருக்கு அந்தப் போக்குவரத்து தானாகத் தெரியும்.

இப்போது பாட்டை மட்டும் மூன்று முறை கேளுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விஷயத்துக்காக.

முதல் முறை பில் வார்டுக்காக. இந்தப் பாட்டில் டிரம்செட்டின் அடி கிடையாது. கொங்கா என்ற கைப்பறையை விரலாலும் உள்ளங்கையாலும் தட்டுகிறார். ஒரு நிமிடம் முன்புதான் ‘பாரனாய்டு’ பாட்டில் சிம்பலை நொறுக்கிக்கொண்டிருந்த அதே மனிதர். வார்டு சின்ன வயதில் கேட்டு வளர்ந்தது ஜீன் குரூபா, படி ரிச் போன்ற ஜாஸ் டிரம்மர்களை. அதனால்தான் அவர் வேகமாக அடிக்கும்போதுகூடத் தாளம் கட்டை போல் விறைத்து நிற்காமல் ஆடும். அந்த ஆட்டம் தனியாக, வேறெதுவும் மறைக்காமல் கேட்கும் இடம் இது. இதைக் கேட்டுவிட்டு ‘வார் பிக்ஸ்’ பாட்டுக்குத் திரும்புங்கள். அங்கேயும் அந்த ஆட்டம் இருப்பது இப்போது காதில் விழும்.

இரண்டாம் முறை குரலுக்காக. ஓசி ஆஸ்பர்னின் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் நடுங்கும். லெஸ்லி ஸ்பீக்கர் செய்யும் வேலை அது. ஹம்மண்ட் ஆர்கனுக்காக டொனால்ட் லெஸ்லி வடிவமைத்த மரப்பெட்டி. உள்ளே மேல்பகுதியில் ஒரு கொம்புக்குழல் சுழலும், கீழ்ப்பகுதியில் ஓர் உருளை சுழலும். நம்மை நோக்கி வரும்போது ஒலியின் சுருதி ஒரு மயிரிழை ஏறும், விலகும்போது இறங்கும். ரயில் நம்மைக் கடக்கும்போது ஹாரன் மாறுவதும் இதே காரணத்தால்தான். 1966இல் ‘டுமாரோ நெவர் நோஸ்’ பாட்டில் ஜான் லெனனின் குரலை பீட்டில்ஸ் இந்தப் பெட்டிக்குள் அனுப்பினார்கள். ஓசிக்கு பீட்டில்ஸ் என்றால் உயிர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஆனால் சப்பாத் இதைச் செய்யும்போது விளைவு வேறு. அங்கே பீட்டில்ஸ் டேப்புகளைத் திருப்பிப்போட்டு, அடுக்கி, சந்தைக்கூட்டம் போல ஒலியை நிரப்பினார்கள். இங்கே எதுவுமே இல்லை. ஒரு கிட்டார், ஒரு பாஸ், கைப்பறை, நடுங்கும் குரல். விண்வெளி என்றால் வெறுமை என்பதை இந்தப் பாட்டு இசையாலேயே சொல்லிவிடுகிறது.

மூன்றாம் முறை கடைசி ஒன்றரை நிமிடத்துக்காக. குரல் போய்விடும், டோனி ஐயோமியின் கிட்டார் மட்டும் பேசும். ஒலியைக் கரகரக்கச் செய்யும் டிஸ்டார்ஷன் இல்லை. பின்னால் மிக மெதுவாக ஒரு பியானோ கேட்கும். அதை வாசித்தது ஒலிப்பதிவுப் பொறியாளர் டாம் ஆலம். முதல் முறை கேட்கும் பலருக்கு அந்தப் பியானோ இருப்பதே தெரியாது. தெரிந்துகொண்ட பிறகு அதைக் கேட்காமல் இருக்க முடியாது.

இந்தத் தனி வாசிப்பில் ஒரு விஷயத்தை நிதானமாகக் கவனிக்கச் சொல்வேன். ஐயோமி இடதுகைக்காரர், தந்திகளை அழுத்துவது வலது கை. 17 வயதில், இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஓர் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில், வேலையின் கடைசி நாளில், அந்த வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இயந்திரம் துண்டித்துவிட்டது. பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, அதைப் போட்டுக்கொண்டுதான் வாசித்தார். வாழ்நாள் முழுதும் அப்படித்தான். மனமுடைந்து கிடந்தவரிடம் தொழிற்சாலை மேலாளர் ஒரு ஜாங்கோ ரெயின்ஹார்ட் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக்காட்டினார். 1928இல் தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கியபின் உலகமே வியந்த ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ. ‘பிளானட் கேரவன்’ இறுதியில் வரும் வாசிப்பில் அந்த ஜாஸ் ஆசை வெளிப்படையாகத் தெரிகிறது. வேகமே இல்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் ஒரு சின்ன யோசனை. விரல் தந்தியைத் தொடுவதும் விடுவதும் கேட்கும். அடுத்த நொடியில் ‘அயர்ன் மேன்’ தொடங்கி, அதே கை வளைத்து இழுக்கும் அந்த முனகல் வரும்போது, மென்மையும் கனமும் இரண்டு ஆட்களின் வேலை என்று உங்களால் நினைக்க முடியாது.

விசேஷப் பதிப்பில் வேறு வரிகளோடு இன்னொரு ‘பிளானட் கேரவன்’ உண்டு. அதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யின் இரண்டாம் பக்கம்

1971 ஆல்பம். சப்பாத்தின் ஆல்பங்களில் எனக்கு மிகப் பிடித்தது இது. இதில் சில பாடல்களுக்கு ஐயோமி கிட்டாரின் சுருதியை ஒன்றரைப் படி கீழே இறக்கினார். தந்தி தளர்ந்தால் காயப்பட்ட விரலுக்கு வேலை எளிது, ஒலியும் கனத்துப்போனது. பின்னால் வந்த எத்தனையோ குழுக்கள் இந்த ஆல்பத்தின் அடியில்தான் வீடு கட்டிக்கொண்டன.

அத்தனை கனமான ஆல்பத்துக்குள் மூன்று இடங்களில் திடீரென்று காற்று வருகிறது. ‘எம்ப்ரியோ’ அரை நிமிடம்கூட இல்லை. ‘ஆர்கிட்’ ஒன்றரை நிமிடம்; மின்சாரம் இல்லாமல் ஒலிக்கும் அகௌஸ்டிக் கிட்டார் மட்டும். இவற்றைத் தனித்தனிப் பாட்டாகக் கேட்பதில் பொருளே இல்லை. ‘எம்ப்ரியோ’ அறுந்து ‘சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்’ குதிரைப் பாய்ச்சலில் கிளம்பும் அந்தக் கணத்துக்காகத்தான் அது அங்கே இருக்கிறது.

‘சாலிட்யூட்’ விஷயம் வேறு. ஐந்து நிமிடம் முழுப் பாட்டு. இரண்டாம் பக்கத்தை ‘ஆர்கிட்’டிலிருந்து தொடங்கி, ‘லார்ட் ஆஃப் திஸ் வேர்ல்ட்’ வழியாக ‘சாலிட்யூட்’டுக்கு வந்து, ‘இன்டு த வாய்ட்’டில் முடியுங்கள். 18 நிமிடம்.

முதலில் புல்லாங்குழல். வாசிப்பது ஐயோமியேதான். 1968 டிசம்பரில் கொஞ்ச நாள் அவர் ஜெத்ரோ டல் குழுவில் இருந்தார். ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய ‘ராக் அண்ட் ரோல் சர்க்கஸ்’ படப்பிடிப்பில் அவர்களோடு மேடையில் நிற்பதைப் பார்க்கலாம். அந்தக் குழுவின் தலைவர் இயான் ஆண்டர்சன் புல்லாங்குழலுக்குப் பேர்போனவர். ஐயோமியின் குழல் ஆண்டர்சனுடையதைப் போல் சீறாது, துள்ளாது. பாடகரின் பின்னால் சற்றுத் தள்ளி நின்றுகொண்டு, அவர் முடித்த வரியை மெல்ல நீட்டிவிடும். பியானோவும் அவருடையதே.

அடுத்து குரல். இதைப் பாடியது யார் என்று ரசிகர்களுக்குள் பல காலம் வாக்குவாதம் நடந்தது. பில் வார்ட் பாடியது என்று சத்தியம் செய்தவர்கள் உண்டு. பாடியது ஓசிதான். வழக்கமான அந்த உச்சிக் கூவல் இல்லாமல் தாழ்ந்து, எதிரொலியோடு பாடியிருப்பதால் வந்த குழப்பம். நீங்களே சோதித்துப் பார்க்கலாம்: 1976இல் வந்த ‘டெக்னிக்கல் எக்ஸ்டசி’யில் ‘இட்ஸ் ஆல்ரைட்’ பாட்டை வார்ட் பாடியிருக்கிறார். அதை ஒரு நிமிடம் கேட்டுவிட்டு உடனே ‘சாலிட்யூட்’டைப் போடுங்கள். வார்டின் குரலில் ஒரு பஞ்சுத்தன்மை உண்டு. ஓசியின் குரல் எவ்வளவு தாழ்ந்தாலும் ஒரு கம்பி ஓடும். இப்படி ஒப்பிட்டுக் கேட்கும்போது ஓசியை ஒரு பாடகராக மதிக்கக் கற்றுக்கொள்வீர்கள். அவரை மேடைச் சேட்டைகளுக்காக மட்டும் அறிந்தவர்களுக்கு இதைக் கட்டாயம் போட்டுக்காட்டுங்கள்.

பிறகு ‘இன்டு த வாய்ட்’. கைவிடப்பட்ட ஒருவனின் தனிமை முடிந்ததும் மனித இனத்தில் எஞ்சியவர்கள் மாசுபட்ட பூமியை விட்டு ராக்கெட்டில் கிளம்புகிறார்கள். மறுபடியும் கிளம்பல். ‘சாலிட்யூட்’டின் அமைதி இல்லாமல் அந்தத் தொடக்க ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை) கேட்டால் அது வெறும் கனமான ரிஃப். அமைதிக்குப் பின் கேட்டால் தரையே நகர்வதாகத் தோன்றும்.

‘வால்யூம் 4’: பொறுமை வேண்டும்

1972இல் லாஸ் ஏஞ்சலஸில், பெல் ஏர் பகுதியில் வாடகைக்கு எடுத்த மாளிகையில் தங்கிக்கொண்டு உருவாக்கிய ஆல்பம். அந்த வீட்டில் ஒரு பியானோ இருந்தது. ஐயோமி அதில் உட்கார்ந்து வாசித்துப் பழகினார். அப்படிப் பிறந்தது ‘சேஞ்சஸ்’. பில் வார்டின் மணமுறிவை வைத்து எழுதிய வரிகள். பின்னால் வயலின் கூட்டம் போல ஒலிப்பது மெல்லோட்ரான் என்ற விசைப்பலகைக் கருவி, வாசித்தது கீசர்.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். ‘சேஞ்சஸ்’ மிதக்கும் இசை இல்லை, நேரடியான சோகப் பாட்டு. முதன்முதலில் கேட்கிறவர்களை இதில் தொடங்க வைக்க மாட்டேன். ஆனால் இதன் ஆழம் வேறு வழியில் தெரியும்: சோல் பாடகர் சார்லஸ் பிராட்லி இதைத் தன் தாயின் மறைவை நினைத்துப் பாடிய வடிவத்தைக் கேளுங்கள். காதலி போன பாட்டு அம்மா போன பாட்டாகிவிடுகிறது. நான் முதலில் கேட்டபோது வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதன்பிறகு மூலத்துக்குத் திரும்பினால், எளிமையாகத் தெரிந்த அந்தப் பியானோ எவ்வளவு தாங்கும் என்று புரியும்.

இந்த ஆல்பத்தில் நாம் தேடுவது ‘லகூனா சன்ரைஸ்’. மூன்று நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு, குரல் இல்லை. லகூனா கடற்கரையில் பார்த்த சூரிய உதயத்தை வைத்து ஐயோமி செய்தது; அகௌஸ்டிக் கிட்டாருக்கு அடியில் நிஜமான வயலின் குழு. ஆல்பத்தில் இதற்கு முன்னால் இருப்பது ‘கார்னுகோபியா’. தாளம் மாறி மாறிப் போகும், பில் வார்ட் பதிவின்போது மிகவும் திணறிய பாட்டு. அந்த மூச்சுமுட்டலோடு சேர்த்துக் கேளுங்கள். இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் விதிவிலக்காக, தனியாகக் கேட்டாலும் தவறில்லை என்பேன். காலை நேரத்தில் அருமையாக ஒலிக்கும்.

வேகமாகத் தாண்டக்கூடியவை, நின்று கேட்க வேண்டிய ஒன்று

1973இன் ‘சப்பாத் பிளடி சப்பாத்’ ஆல்பத்தில் ‘ஃப்ளஃப்’ இருக்கிறது. பிபிசி வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீமனின் செல்லப்பெயரை வைத்த வாத்தியப் பாட்டு. பழங்கால விசைப்பலகைக் கருவியான ஹார்ப்சிகார்டின் ஒலி அழகு. இனிமைதான், ஆனால் நான்கு நிமிடம் அதற்குக் கொஞ்சம் அதிகம். அதைவிட அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில், கொலைவெறி ரிஃபுக்கு நடுவே திடீரென்று திறக்கும் மென்மையான பகுதிதான் எனக்கு முக்கியம். ‘ஷீஸ் கான்’ போன்ற பிற்கால மெதுப்பாடல்களில் வயலின் நிறைய, வெறுமை குறைவு. விட்டுவிடலாம்.

‘சபோட்டாஜ்’ (1975) ஆல்பத்தை விடக்கூடாது. முதல் பாட்டு ‘ஹோல் இன் த ஸ்கை’ ஓடிக்கொண்டிருக்கும்போதே கத்தியால் வெட்டியது போல் நிற்கும். அடுத்து ‘டோன்ட் ஸ்டார்ட் (டூ லேட்)’, ஐம்பது நொடிகூட வராத அகௌஸ்டிக் கிட்டார். உடனே ‘சிம்ப்டம் ஆஃப் த யுனிவர்ஸ்’. கிராஸ்ஃபேடை அணைக்கச் சொன்னது இதற்காகத்தான். அந்த வெட்டு மழுங்கினால் இந்த மூன்றும் குலைந்துவிடும்.

‘சிம்ப்டம்’ தொடங்கும் ரிஃபில் பின்னால் வந்த அதிவேக த்ராஷ் மெட்டலின் விதை முழுதாக இருக்கிறது. நாலரை நிமிடம் அப்படியே இடிக்கும். பிறகு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அகௌஸ்டிக் கிட்டார், கைத்தாளம், ஜாஸ் நடை, வெயிலடிக்கும் மனநிலை. ஸ்டூடியோவில் சும்மா வாசித்துக்கொண்டிருந்தபோது பிறந்த பகுதி இது. ஓசி இங்கே மகிழ்ச்சியாகப் பாடுகிறார். சப்பாத்தில் மகிழ்ச்சி அரிது. பாட்டு முடிவதற்குள் நிறுத்திவிடும் பழக்கம் உள்ளவர்கள் இந்த இரண்டு நிமிடத்தைப் பல ஆண்டுகளாகத் தவறவிட்டிருப்பார்கள். இங்கே அமைதியும் இடியும் ஒரே பாட்டுக்குள் இருப்பதால் யாராலும் பிளேலிஸ்ட் போட்டுப் பிரிக்க முடியாது. அதற்காகவே எனக்கு இது மிகவும் பிடிக்கும்.

யாருக்கு எந்த வாசல்

இதுவரை நான் கேட்க வைத்தவர்களில் இரண்டு வகை. என் நண்பன் ஒருவன் ஸ்லேயர், செபுல்ச்சுரா போன்ற முரட்டு மெட்டல் குழுக்களைத் தவிர வேறெதையும் தொடமாட்டான். மெதுவான பாட்டு வந்தால் விரல் தானாக அடுத்த பாட்டுக்குத் தாவும். அவனைப் போன்றவர்களுக்கு ‘பிளானட் கேரவன்’னை நேரடியாகக் கொடுக்காதீர்கள். ‘சிம்ப்டம் ஆஃப் த யுனிவர்ஸ்’ கொடுங்கள். ரிஃப் பிடித்துப்போகும், கடைசிப் பகுதி வரும்போது நிறுத்த மனம் வராது. அதன்பின் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ இரண்டாம் பக்கம். கடைசியாக ‘பாரனாய்டு’ முதல் பக்கம். அவன் இப்போது ‘சாலிட்யூட்’டை என்னைவிட அதிகம் கேட்கிறான்.

என் தங்கை நேர்மாறு. மெட்டல் என்றாலே காதைப் பொத்திக்கொள்வாள். அவளுக்கு ‘லகூனா சன்ரைஸ்’ கொடுத்தேன், யாருடையது என்று சொல்லாமல். பிறகு ‘பிளானட் கேரவன்’. “இந்தக் குரலுக்கு என்ன பண்ணியிருக்காங்க?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்த முறை அதே பாட்டை ஆல்பத்தோடு சேர்த்துக் கேட்கச் சொன்னேன். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து. ‘வார் பிக்ஸ்’ எட்டு நிமிடமும் உட்கார்ந்து கேட்டாள், மெதுவான பாட்டுக்குப் போய்ச்சேர அது பாதை என்று தெரிந்ததால். இப்படி வருகிறவர்களை அவசரப்படுத்தாதீர்கள். முதல் ஆல்பத்தின் ‘ஸ்லீப்பிங் வில்லேஜ்’ அவர்களுக்கு நல்ல அடுத்த படி: வாயில் வைத்து வாசிக்கும் மோர்சிங் வகைக் கருவியும் அகௌஸ்டிக் கிட்டாருமாகத் தொடங்கி, கொஞ்ச நேரத்திலேயே இருட்டுக்குள் இழுத்துப்போகும்.

43 ஆண்டு கழித்து

2013இல் ‘13’ ஆல்பம் வந்தது. ஓசி, ஐயோமி, கீசர் மூவரும்; வார்ட் இல்லை, டிரம்ஸில் பிராட் வில்க். அதன் நான்காவது பாட்டு ‘ஸைட்கைஸ்ட்’. ‘பிளானட் கேரவன்’னின் மறுபதிப்பு என்று சிலர் ஒதுக்கினார்கள். கைப்பறை, அகௌஸ்டிக் கிட்டார், விண்வெளி, கடைசியில் நிதானமான கிட்டார் பேச்சு என்று எல்லாம் திரும்ப வருவது உண்மைதான். ஆனால் வரிகளைப் பாருங்கள். 1970இல் காதலியோடு மிதந்து போனவர்கள். இப்போது விண்கலம் பின்னோக்கி ஓட, பிரபஞ்சத்துக்குள் தனியே விழுந்துகொண்டிருக்கிறார் ஒருவர். குரலும் 64 வயதுக்காரருடையது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இந்த ஒரு ஜோடிக்கு மட்டும் ஆல்பத்தை உடைக்க நானே சம்மதிக்கிறேன்.

2025 ஜூலை 5 அன்று, பர்மிங்காமில் அவர்கள் வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே, வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். அன்று ‘சேஞ்சஸ்’ பாட்டை இளம் பாடகர் யங்பிளட் பாடினார். மைதானம் முழுதும் கூடவே பாடியது. ஜூலை 22 அன்று ஓசி மறைந்தார். அந்த வாரம் எல்லாரும் ‘பாரனாய்டு’, ‘க்ரேஸி டிரெயின்’ போட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ‘சாலிட்யூட்’ தவிர எதையும் கேட்க முடியவில்லை. இடியோசைக்கு எதிரே நின்று பாடியதற்காக அவரை உலகம் கொண்டாடியது, சரிதான். எதிரே ஒன்றுமே இல்லாதபோது அவர் எப்படிப் பாடினார் என்பதை அந்த ஐந்து நிமிடத்தில் கேட்கலாம்.

இவை எல்லாம் பழகிய பிறகு எங்கே போவது என்று கேட்பீர்கள். பாண்டெராவின் ‘பிளானட் கேரவன்’னை அதன் ஆல்பத்தின் முடிவிலேயே கேளுங்கள், முன்னால் உள்ள பாடல்களைத் தாண்டாமல். பிறகு ஸ்வீடன் குழுவான ஓபெத்தின் ‘டாம்னேஷன்’ (2003). உறுமல் குரல் ஒன்றுகூட இல்லாத முழு ஆல்பம். அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘டெலிவரன்ஸ்’ அதன் கனமான ஜோடி. முதலில் ‘டெலிவரன்ஸ்’, மறுநாள் ‘டாம்னேஷன்’, வரிசையை மாற்றாதீர்கள்.